ஃபேஸ் 3 ப்ரோட்டோகால் இறுதியாகும் முன் ஹெச்இஓஆர் தரப்பு எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

பாலாற்றங்கரை

வணக்கம். மருந்து நிறுவனம் ஒன்றில் உலகளாவிய ஹெச்இஓஆர் (மருந்தின் பொருளாதார மதிப்பையும் நோயாளிப் பலனையும் ஆராயும் துறை) பொறுப்பில் இருக்கிறேன். சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்றுநோயில் முதல் சிகிச்சைக்குப் பிறகு நோய் முற்றியவர்களுக்கான மருந்து, மூன்று வாரச் சுழற்சி. ஒப்பீட்டு மருந்து டோசிடாக்செல். முதன்மை எண்ட்பாயிண்ட் (ஆய்வு அளக்கும் விளைவு) பிஎஃப்எஸ், அதாவது நோய் முற்றாமல் கழியும் காலம். ஓஎஸ் (மொத்த உயிர்வாழ்வு) இரண்டாம் நிலையில்தான். ப்ரோட்டோகால் (ஆய்வுத் திட்டம்) எட்டு வாரத்தில் இறுதியாகிவிடும்.

வரைவில் இரண்டு இடங்கள் உறுத்துகின்றன. வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள்கள் சிகிச்சை நிற்கும் நாளோடு முடிந்துவிடுகின்றன. நோய் முற்றியதும் டோசிடாக்செல் பிரிவில் இருப்பவர்கள் நம் மருந்துக்கு மாறிக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. கிளினிக்கல் குழு ஒன்றிரண்டு மாற்றங்களுக்குத்தான் இசையும். இங்கிலாந்தின் நைஸ் (மருந்துகளின் செலவுத்திறனை மதிப்பிடும் அமைப்பு), ஜெர்மனி, ஐரோப்பிய கூட்டு மதிப்பீடு மூன்றுக்கும் டாசியர் (ஆதாரத் தொகுப்பு) போக வேண்டும். அமெரிக்காவுக்குத் தனிக் குழு இருக்கிறது. செலவு-பலன் மாடல் கட்டும் குழு சென்னையில். எதை முதலில் கேட்பது, எதை விட்டுக்கொடுப்பது?

நெய்தல்

கேள்வித்தாளை முதலில் கேளுங்கள். அதிகச் செலவில்லாதது, பிறகு எந்த விலை கொடுத்தாலும் வாங்க முடியாதது. ஈக்யூ-5டி-5எல் (பொதுவான வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள்) ஐந்து கேள்வியும் ஓர் அளவுகோலும்தான். நோயாளி ஓரிரு நிமிடத்தில் முடித்துவிடுவார். சிகிச்சை நின்ற பிறகும் உயிரோடு இருக்கிறாரா என்று அறிய சைட்டிலிருந்து (ஆய்வு நடக்கும் மருத்துவமனை) எட்டு அல்லது பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை எப்படியும் அழைப்பார்கள். அதே அழைப்பில் தொலைபேசிப் பதிப்பைக் கேட்டுவிடலாம். ப்ரோட்டோகாலில் ஒரு வரி, அட்டவணையில் ஒரு கட்டம், அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் நோய் முற்றிய நிலைக்கான பயன்பாட்டு மதிப்பை (1 முழு நலம், 0 இறப்பு என்ற அளவில் வாழ்க்கைத்தரம்) வேறு யாரோ வெளியிட்ட கட்டுரையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். நைஸின் வெளி மதிப்பாய்வுக் குழு கைவைக்கும் முதல் இடங்களில் அதுவும் ஒன்று.

வரைவில் இன்னொன்றைப் பாருங்கள். கேள்வித்தாள் "ஒவ்வொரு சுழற்சியின் முதல் நாள்" என்று மட்டும் இருக்கிறதா? டோசிடாக்செல் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. வெள்ளணு எண்ணிக்கை ஏறக்குறைய எட்டாம் நாளையொட்டி அடிமட்டத்துக்குப் போகும். சோர்வு, வாய்ப்புண் எல்லாம் அந்த வாரத்தில்தான். அடுத்த டோஸுக்கு வரும் நாள் என்பது அந்தச் சுழற்சியிலேயே நோயாளி ஓரளவு தேறியிருக்கும் நாள். ஈக்யூ-5டி கேட்பது "இன்று எப்படி" என்று. கியூஎல்கியூ-சி30 (புற்றுநோயாளிகளுக்கான கேள்வித்தாள்) கேட்பது "கடந்த ஒரு வாரம்" என்று. இரண்டையும் முதல் நாளிலேயே நிரப்பினால் மோசமான வாரம் எதிலும் விழாது. டோசிடாக்செல் உண்மையில் படுத்தும் பாட்டைவிட நல்ல பெயர் வாங்கிவிடும். முதல் இரண்டு சுழற்சிக்காவது எட்டாம் நாளன்று வீட்டிலிருந்தே கைபேசியில் ஈக்யூ-5டி நிரப்பச் சொல்லுங்கள். இரு பிரிவுக்கும் ஒரே நாட்காட்டி என்பது முக்கியம். ஒரு பிரிவில் சுழற்சி தள்ளிப்போனால் அளவிடும் நாளும் சேர்ந்து தள்ளிப்போகக் கூடாது.

மருத்துவரைப் பார்க்கும் முன்பும், ஸ்கேன் முடிவு சொல்லப்படும் முன்பும் நிரப்ப வேண்டும் என்று எழுதியே வையுங்கள். "நோய் முற்றிவிட்டது" என்று கேட்ட பிறகு நிரப்பும் தாள் அந்தச் செய்தியைத்தான் அளக்கும்.

எண்ணும்_எழுத்தும்

எட்டாம் நாள் விஷயம் பொன்னானது. ஆனால் முதலிடம் கேள்வித்தாளுக்கு என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பக்கக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

புது மருந்தில் சராசரி பிஎஃப்எஸ் 8 மாதம், ஓஎஸ் 18 மாதம். டோசிடாக்செலில் 4, 14 என்று வைத்துக்கொள்வோம். முற்றாத நிலைக்குப் பயன்பாட்டு மதிப்பு 0.75, முற்றிய நிலைக்கு 0.60. புது மருந்து: 8 மாதத்துக்கு 0.50, பிந்தைய 10 மாதத்துக்கு 0.50, மொத்தம் 1.00 குவாலி (வாழ்க்கைத்தரத்தால் எடையிட்ட ஆயுள் ஆண்டு). டோசிடாக்செல்: 0.25 + 0.50 = 0.75. வித்தியாசம் 0.25. கூடுதல் செலவு 10,000 பவுண்டு என்றால் ஒரு குவாலிக்கு 40,000.

இப்போது முற்றிய நிலையின் மதிப்பை 0.60இலிருந்து 0.50 ஆக்குங்கள். விடை மாறாது. இரு பிரிவிலும் முற்றிய நிலையில் கழியும் காலம் அதே 10 மாதம் என்பதால் அடிபட்டுப் போகிறது.

அடுத்து கிராஸ்ஓவர் (ஒப்பீட்டுப் பிரிவினர் புது மருந்துக்கு மாறுவது). டோசிடாக்செல் பிரிவில் பலர் புது மருந்துக்கு மாறி, அந்தப் பிரிவின் ஓஎஸ் 14க்குப் பதில் 16 எனத் தெரிகிறது என்று வையுங்கள். 0.25 + 0.60 = 0.85. வித்தியாசம் 0.15 ஆகச் சுருங்கும். செலவை அப்படியே வைத்தால் குவாலிக்குச் சுமார் 67,000. ஓஎஸ் தரவு முதிராமல், கமிட்டி "உயிர்வாழ்வில் ஆதாயம் நிரூபணமாகவில்லை" என்று இரு பிரிவுக்கும் 14 வைத்துவிட்டால் வித்தியாசம் 0.05, குவாலிக்கு 2,00,000. விவாதம் முடிந்தது.

எனவே என் வரிசையில் முதலாவது ஓஎஸ். பிஎஃப்எஸ் வெற்றி என்று அறிவித்த கையோடு பின்தொடர்தலை நிறுத்தக் கூடாது. ஓஎஸ் நிகழ்வுகள் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு சேரும்வரை ஓட வேண்டும். நைஸ் சமர்ப்பிப்புக்கு ஒட்டி ஒரு தரவு வெட்டு (அதுவரை சேர்ந்த தரவை எடுத்துப் பகுப்பாய்வது) முன்கூட்டியே திட்டத்தில் இருக்க வேண்டும். முதிராத ஓஎஸ்ஸோடு போனால் கேன்சர் டிரக்ஸ் ஃபண்ட் (கூடுதல் தரவு சேரும்வரை மருந்துக்குத் தற்காலிகமாகப் பணம் தரும் நிதி) வழி ஒன்று இருக்கிறது. ஆனால் மருந்து செலவுத்திறனோடு இருக்க நியாயமான வாய்ப்பு உண்டு என்று அங்கேயும் காட்டித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது கிராஸ்ஓவர். அதை நீக்கச் சொன்னால் ஆய்வாளர்களும் நெறிக் குழுவும் எதிர்ப்பார்கள். ஆள் சேர்வதும் குறையும். நீக்கச் சொல்லாதீர்கள். மாறியதன் தாக்கத்தைக் கணக்கில் கழித்துச் சரிசெய்யும் முறைகளுக்குத் தேவையான தரவைக் கேளுங்கள். ஆர்பிஎஸ்எஃப்டி முறை, மருந்தை முதலிலேயே எடுத்தாலும் முற்றிய பிறகு எடுத்தாலும் பலன் ஒரே அளவு என்று எடுத்துக்கொள்கிறது. புற்றுநோயில் அதை நம்பவைப்பது கடினம். இருபடி முறைக்கு நோய் முற்றிய அன்று நோயாளியின் நிலை தெரிய வேண்டும்: ஈகாக் மதிப்பெண் (அன்றாடச் செயல்திறன்), கட்டியின் அளவு, மூளைக்குப் பரவல், முற்றிய தேதி, மாறிய தேதி. ஐபிசிடபிள்யூவுக்கு (மாறியவர்களை விலக்கி, மாறாதவர்களுக்கு எடை கூட்டும் முறை) அதே விவரங்கள் காலவாரியாகத் தொடர்ந்து வேண்டும். பெரும்பாலான படிவங்களில் இந்த இடம் காலியாகவே இருக்கும், ஏனென்றால் பிஎஃப்எஸ் பகுப்பாய்வுக்கு அது தேவைப்படுவதில்லை. அடுத்து எடுத்த சிகிச்சையையும் "ஆம்/இல்லை" என்று பதியாமல் மருந்துப் பெயர், தொடக்கத் தேதி, முடிவுத் தேதியோடு வாங்குங்கள்.

நெய்தல்

கணக்கு சரி. முதலிடத்தை ஓஎஸ்ஸுக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அதே கணக்கில் ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். ஓஎஸ் இரண்டிலும் 14 என்று கமிட்டி வைக்கும் நிலையில் புது மருந்துக்காரர் முற்றிய நிலையில் 6 மாதம், மற்றவர் 10 மாதம் இருக்கிறார். அங்கே 0.60ஐ 0.50 ஆக்கினால் வித்தியாசம் 0.05இலிருந்து 0.083க்குப் போகும், 2,00,000 என்பது 1,20,000 ஆகும். இரண்டும் ஏற்க முடியாத எண்தான். ஆனால் அந்த மதிப்பு எந்தப் பக்கம் இழுக்கும் என்பது ஓஎஸ் வந்த பிறகே தெரியும். கூடுதல் உயிர்வாழ்வு பெரும்பாலும் முற்றிய நிலையில் வந்தால் குறைந்த மதிப்பு நமக்கு எதிராகத் திரும்பும். முன்கூட்டித் தெரியாத ஒன்றுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு மலிவு. இதை "மாற்றம்" என்று கேட்காமல் உயிர்வாழ்வுப் பின்தொடர்தல் பத்தியின் உட்பிரிவாக எழுதிக் கொடுங்கள். உங்கள் ஒன்றிரண்டு வாய்ப்பு செலவாகாது.

பனிமூட்டம்

இருவரும் லண்டனிலேயே நின்றுவிட்டீர்கள். இந்த மருந்துக்கு முதலில் கதவு திறப்பது ஐரோப்பிய கூட்டு மதிப்பீடு. 2021/2282 ஒழுங்குமுறைப்படி 2025 ஜனவரி 12 முதல் புதிய புற்றுநோய் மருந்துகளும் மரபணு, செல் சிகிச்சைகளும் அதற்குள் வந்துவிட்டன. அரிய நோய் மருந்துகள் 2028இல், மற்றவை 2030இல். இதில் பொருளாதாரம் கிடையாது. குவாலியும் கிடையாது. ஒப்பீட்டுப் பலன் மட்டும்தான். ஆனால் எதனோடு ஒப்பீடு என்பதை 27 நாடுகளும் சேர்ந்து சொல்லும்.

இந்த நோயில் அது என்ன ஆகும் என்று பாருங்கள். சில நாடுகள் டோசிடாக்செல் தனியாக என்று கேட்கும். அடினோகார்சினோமா என்றால் டோசிடாக்செலோடு நிண்டெடானிப் என்று சில கேட்கலாம். ராமுசிருமாப் சேர்த்து என்று சில. பெமெட்ரெக்செட் என்று சில. முன்பு இம்யூனோதெரபி எடுக்காதவர்களுக்கு அதையே ஒப்பீடாக வைக்கலாம். ஒவ்வொன்றும் தனி மக்கள் பிரிவு, தனி பைகோ (யாருக்கு, எந்த மருந்து, எதனோடு ஒப்பீடு, என்ன விளைவு என்ற கேள்வி). நோக்கெல்லை (எந்தெந்த பைகோ என்ற) முடிவு கைக்கு வந்தபின் டாசியர் கொடுக்க 100 நாள். இலக்கியத் தேடலையோ நெட்வொர்க் மெட்டா அனாலிசிஸையோ (பல ஆய்வுகளை இணைத்துச் செய்யும் ஒப்பீடு) அந்த 100 நாளில் தொடங்கினால் முடியவே முடியாது. முழு இலக்கிய ஆய்வுக்கு நாலைந்து மாதம் பிடிக்கும். ஒன்றரை வருடம் முன்பே பைகோக்களை ஊகித்து, எந்த ஒப்பீட்டுக்குப் பொதுவான பாலம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று வரைபடம் போட்டுவிடுங்கள்.

அதனால்தான் என் கோரிக்கை வேறு: அடிப்படைத் தகவல்களை முழுமையாகச் சேகரியுங்கள். திசு வகை, பிடி-எல்1 (கட்டியிலுள்ள ஒரு புரதம்) அளவு, முன்பு இம்யூனோதெரபி எடுத்தாரா, எத்தனை மாதத்தில் முற்றியது, மூளைப் பரவல். இதில் இரண்டையாவது சீரற்ற ஒதுக்கீட்டின் அடுக்காக வையுங்கள், பிறகு உட்பிரிவு முடிவு கேட்பார்கள். மெய்க் (அதாவது எடையிட்ட மறைமுக ஒப்பீடு) செய்யும்போது வெளியிடப்பட்ட ஆய்வின் சராசரிக்கு நம் நோயாளிகளை எடையிட்டுப் பொருத்துவோம். சேகரிக்காத பண்புக்கு எடையிட முடியாது. எடையிட்ட பிறகு பயனுறு மாதிரி அளவைப் பாருங்கள்: 260 பேர் 70 பேராகச் சுருங்கினால் நம்பிக்கை இடைவெளி விரிந்து முடிவே நிற்காது. பொது ஒப்பீட்டு மருந்து இல்லாத ஒப்பீடு என்றால் விளைவைத் தீர்மானிக்கும் எல்லாப் பண்பும் சமப்பட்டாக வேண்டும். மதிப்பீட்டாளர்கள் அதை ஏற்பது அபூர்வம்.

ஜெர்மனி இன்னும் கறார். அங்கே முடிவெடுக்கும் ஜி-பிஏ, பிஎஃப்எஸ்ஸை மட்டும் வைத்து நோயாளிக்குப் பலன் என்று பொதுவாக ஏற்பதில்லை. உங்கள் முதன்மை எண்ட்பாயிண்ட் அங்கே துணை ஆதாரமாகிவிடும். ஓஎஸ், அறிகுறி, வாழ்க்கைத்தரம், பக்கவிளைவு நான்கும்தான் பேசும். வாழ்க்கைத்தரத்தில், ஜி-பிஏவுக்காக ஆதாரத்தை மதிப்பாயும் ஐக்விக் பார்ப்பது இரண்டு. ஒன்று, தாள் திரும்பிய விகிதம்: 30 விழுக்காட்டுக்கு மேல் விடுபட்டால் அந்த முடிவைப் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. மற்றது, எவ்வளவு மாறினால் மாற்றம் என்பது: அளவுகோலின் வீச்சில் 15 விழுக்காடு, ஈக்யூ-5டி அளவுகோலில் 15 புள்ளி. கியூஎல்கியூ-சி30க்கு 10 புள்ளி ஏற்கப்பட்டு வருகிறது. மோசமடையும் காலத்தை இந்த எல்லைகளோடு புள்ளியியல் திட்டத்தில் முன்பே எழுதுங்கள். ஒரு பிரிவில் முற்றியதும் தாள் நின்று, மறு பிரிவில் தொடர்ந்தால் பின்தொடர்தல் காலம் ஏறுமாறாகிவிடும். நெய்தல் சொன்ன தொலைபேசி அழைப்பு இங்கேயும் கைகொடுக்கும்.

கால அட்டவணையும் மனதில் இருக்கட்டும். அறிமுகத்திலிருந்து மூன்று மாதத்தில் ஐக்விக் அறிக்கை, ஆறு மாதத்தில் ஜி-பிஏ முடிவு. 2022 இறுதியில் வந்த சட்டத்துக்குப் பிறகு நிறுவனம் வைத்த விலை முதல் ஆறு மாதத்துக்குத்தான். முன்பு ஒரு வருடம். ஏழாம் மாதத்திலிருந்து பேசி முடித்த விலை பொருந்தும்.

இப்போதே செய்யக்கூடியது: ஜி-பிஏவிடம் ஃபேஸ் 3க்கு முன் ஆலோசனை கேட்கலாம். எந்த ஒப்பீட்டு மருந்து பொருத்தம் என்று எழுத்தில் தருவார்கள். ப்ரோட்டோகால் இறுதியாகும் முன் கேள்வியாவது போய்ச் சேரட்டும்.

பாலாற்றங்கரை

மூவருக்கும் நன்றி. அடிப்படைத் தகவல் பட்டியலையும் முற்றிய அன்றைய நிலையையும் படிவ வடிவமைப்பில் சேர்த்துவிடலாம். அது ப்ரோட்டோகால் பேரம் அல்ல. மீதமிருப்பது ஓஎஸ் பின்தொடர்தல். "இன்னும் ஒன்றரை வருடம் சைட்டுகளைத் திறந்து வைக்கும் செலவை யார் ஏற்பது" என்பார்கள். இதற்கு எப்படிப் பதில் சொல்வது?

எண்ணும்_எழுத்தும்

குவாலி என்று பேசாதீர்கள். ஒரு சுழற்சிக்கு எவ்வளவு விலை வைக்கலாம் என்று பேசுங்கள்.

மேலே போட்ட அதே எண்கள். நைஸில் நெடுங்காலம் இருந்த எல்லை குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு. 2025 டிசம்பரில் அதை 25,000–35,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார்கள். 30,000 வைத்தே பார்ப்போம், இரண்டிலும் வருகிறது. 0.25 குவாலி என்றால் அனுமதிக்கும் கூடுதல் செலவு 7,500. எட்டு மாதம் என்பது 11.6 சுழற்சி. ஆக டோசிடாக்செலைவிடச் சுழற்சிக்கு ஏறக்குறைய 650 பவுண்டு கூட வைக்கலாம், நிர்வாகம், பரிசோதனை, பக்கவிளைவுச் செலவு எல்லாம் அதற்குள். கிராஸ்ஓவரைச் சரிசெய்ய முடியாமல் 0.15 என்று நின்றால் 390. ஓஎஸ் ஆதாயமே ஏற்கப்படாமல் 0.05 ஆனால் 130. சைட்டுகளைத் திறந்து வைக்கும் செலவை 650க்கும் 130க்கும் உள்ள வித்தியாசத்தைச் சுழற்சி எண்ணிக்கையாலும் நோயாளி எண்ணிக்கையாலும் பெருக்கிய தொகையோடு ஒரே தாளில் வையுங்கள். வணிகக் குழு உங்கள் பக்கம் வந்துவிடும்.

அதே தாளில் நோயின் கடுமைக்கான எடையையும் காட்டுங்கள். 2022 முதல் நைஸ் இறுதிக்கால விதியை விட்டுவிட்டு இதற்கு மாறிவிட்டது. நோயில்லாவிட்டால் கிடைத்திருக்கும் குவாலியில் நோயாளி இழக்கும் பங்கு 0.85 முதல் 0.95 வரை என்றால் எடை 1.2, 0.95 அல்லது அதற்கு மேல் என்றால் 1.7. முழு இழப்பு 12 குவாலியிலிருந்து 1.2, 18இலிருந்து 1.7. அதே வயதில் நோயில்லாதவருக்கு 11 குவாலி மிச்சம் என்று கொள்வோம். டோசிடாக்செலில் 0.75 கிடைத்தால் இழப்பு 0.93, எடை 1.2, சுழற்சிக்கு ஏறக்குறைய 775. டோசிடாக்செலில் 0.50தான் என்றால் இழப்பு 0.95ஐத் தாண்டி எடை 1.7 ஆகிவிடும். கிராஸ்ஓவரால் ஒப்பீட்டுப் பிரிவு நன்றாகத் தெரிந்தால் வித்தியாசமும் குறையும், எடையும் கைநழுவலாம். இரட்டை அடி. எடையை 1.7 என்று நம்பி விலைத் திட்டம் போட்டு, கமிட்டியில் 1.2 வாங்கி வரும் சமர்ப்பிப்புகள்தான் விலைப் பேச்சில் அதிகம் திணறுகின்றன.

இன்னொன்று. நிண்டெடானிப் போன்ற ஒப்பீட்டு மருந்துகளுக்கு இங்கிலாந்தில் ரகசியத் தள்ளுபடி உண்டு. உங்கள் மாடலில் பட்டியல் விலைதான் இருக்கும். வெளி மதிப்பாய்வுக் குழு உண்மை விலையைப் போட்டு ரகசிய இணைப்பில் ஓட்டும். கமிட்டி பார்க்கும் எண் உங்களுக்குத் தெரியாது. ஒப்பீட்டு விலையை 10 முதல் 70 விழுக்காடு வரை குறைத்து ஓட்டிய அட்டவணை ஒன்று மேலிடத்துக்கு முன்பே போயிருக்க வேண்டும்.

கூவம்

சென்னைக் குழுவுக்கு மாடல் போகிறது என்றதால் சில சோதனைகளைச் சொல்லிவைக்கிறேன். கட்டியவர் சோதிக்கக் கூடாது, வேறொருவர் செய்யட்டும்.

இரு பிரிவுக்கும் ஒரே வளைவு, ஒரே செலவு கொடுத்தால் வித்தியாசம் துல்லியமாகச் சுழியம் வர வேண்டும். பயன்பாட்டு மதிப்பெல்லாம் 1 ஆக்கி, பக்கவிளைவு இழப்புகளைச் சுழியமாக்கி, எதிர்காலப் பலனையும் செலவையும் குறைத்து மதிக்கும் தள்ளுபடி வீதத்தை 3.5 விழுக்காட்டிலிருந்து சுழியத்துக்குக் கொண்டுவந்தால் குவாலியும் ஆயுள் ஆண்டும் ஒன்றாக வேண்டும். மருந்து விலையை இரட்டித்தால் மருந்துச் செலவு மட்டும் சரியாக இரட்டிக்க வேண்டும். ஒவ்வொரு சுழற்சியிலும் மூன்று நிலைகளின் (முற்றாத, முற்றிய, இறப்பு) கூட்டு 1. பிஎஃப்எஸ் வளைவு ஓஎஸ் வளைவுக்கு மேலே ஏறினால் முற்றிய நிலையில் எதிர்மறை எண் வரும். ஆய்வுக் காலத்துக்கு அப்பால் தனித்தனியாக நீட்டிய வளைவுகளில் இது சகஜம், தடுப்பு போடுங்கள். நீட்டிய ஓஎஸ் வளைவின் இறப்பு வீதம் பொது மக்களின் இறப்பு வீதத்துக்குக் கீழே போகவும் விடக் கூடாது. லாக்-நார்மல், லாக்-லாஜிஸ்டிக் வகை வளைவுகளின் வால்களில் அடிக்கடி போகும்.

அரைச் சுழற்சித் திருத்தத்தை (நிலை மாற்றம் சுழற்சியின் நடுவில் நடப்பதாகக் கொள்வது) மருந்துச் செலவிலும் போட்டுவிடுவார்கள். மருந்து சுழற்சியின் முதல் நாளிலேயே ஏறிவிடுகிறது. அங்கே திருத்தம் கூடாது.

டோசிடாக்செல் செலவில் ஒரு நுணுக்கம். சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம், உடற்பரப்பு 1.8 என்றால் 135. குப்பிகள் 20, 80, 160 அளவில். 160 ஒன்றைத் திறந்தால் 25 வீண். 80 ஒன்றும் 20 மூன்றும் என்றால் 5தான் வீண். சராசரி உடற்பரப்பை ஒற்றை எண்ணாகப் போடாமல் பரவலாகப் போட்டுக் குப்பி எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள். விலை பிஎன்எஃப் (பிரிட்டிஷ் மருந்துக் கையேடு) பட்டியலிலிருந்து எடுக்க வேண்டாம். மருத்துவமனைகள் வாங்கும் ஜெனரிக் விலை ஈமிட் என்ற அரசுத் தரவில் இருக்கிறது, வெகுவாகக் குறைவு. பட்டியல் விலையைப் போட்டால் டோசிடாக்செல் பிரிவு செயற்கையாக விலை கூடி, நம் கூடுதல் செலவு குறைவாகத் தெரியும். மதிப்பாய்வுக் குழு முதல் சுற்றுக் கேள்விகளிலேயே திருத்தச் சொல்லிவிடும்.

ஈக்யூ-5டியில் 5எல் (கேள்விக்கு ஐந்து விடை நிலை) பதிப்பைச் சேகரித்தாலும் நைஸின் அடிப்படைக் கணக்கு 3எல் (மூன்று விடை நிலை) மதிப்புக்கு மாற்றியே கேட்டு வந்திருக்கிறது. மாற்றச் சூத்திரத்துக்கு வயதும் பாலினமும் வேண்டும். தரவுக் கோப்பில் வயதை வகையாகச் சுருக்கி அனுப்பாமல் எண்ணாகவே அனுப்பச் சொல்லுங்கள். சமர்ப்பிக்கும் நேரத்தில் எந்த மதிப்புத் தொகுப்பு நடப்பில் இருக்கிறது என்று கையேட்டில் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். இரண்டையும் மாற்றிக்கொள்ளும் ஒரு சுவிட்ச் மாடலில் இருந்தால் ஒரு நாள் வேலை மிச்சம்.